வீடியோ எடிட்டிங்குக்குப் பழைய டெஸ்க்டாப் வாங்கலாமா? மலையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பகலில் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் ஊர்க் கல்யாணம், கோயில் பண்டிகை, பள்ளி ஆண்டு விழா என்று வருகிற வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறேன். இன்றுவரை புது கம்ப்யூட்டர் வாங்கியதே இல்லை. மூன்று வாங்கினேன், மூன்றும் பழையவை. முதலாவது ஏமாந்து வாங்கியது. அதனாலோ என்னவோ, ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் "அண்ணா, ஒரு செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் பார்த்துச் சொல்லுங்க" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. இனி இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

புதிதாக வாங்காமல் பழையது எதற்கு? லேப்டாப் போதாதா?

பணம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. பெரிய கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை டெஸ்க்டாப்களை மொத்தமாக மாற்றும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், ப்ரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று அந்தக் கறுப்புப் பெட்டிகள் கோவைக் கடைகளுக்கு வந்து சேரும். ஏசி அறையில் எக்செல் மட்டும் பார்த்து வாழ்ந்த மெஷின்கள் அவை. அடிபடாதவை, உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்கும்.

அதே விலைக்கு லேப்டாப்பும் கிடைக்கும். ஆனால் பழைய லேப்டாப்பில் பேட்டரி போயிருக்கும், கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யாது, அரை மணி நேரம் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்குவது) போட்டால் கொதிக்கும். கிராபிக்ஸ் கார்டு பிறகு போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

பன்னிரண்டாயிரத்துக்கு ஐ7, கண்ணாடிக் கேபினட், கலர் லைட் எல்லாம் போட்டுத் தர்றாங்களாம். வாங்கலாமா அண்ணா?

நான் ஏமாந்தது இதில்தான், விவரமாகவே சொல்கிறேன்.

மலைக்குக் கீழே ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) நீலமும் சிவப்பும் மாறி மாறி மின்னும் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். "ஐ7 சார், 8 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், 4கே எடிட்டிங் பறக்கும்" என்றார் கடைக்காரர். டெஸ்க்டாப் திரையில் எடிட்டிங் சாஃப்ட்வேர் ஐகான் எல்லாம் வரிசையாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மார்கழியில் பேரகணிக்கு, படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை எடுக்கப் போயிருந்தேன். வெள்ளை உடுத்திய கூட்டம் மேட்டிலிருந்து இறங்கி வருகிற நல்ல ஷாட் ஒன்று போனில் 4கே-யில் கிடைத்திருந்தது. வீட்டுக்கு வந்து எடிட்டிங் சாஃப்ட்வேரின் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) போட்டால், கூட்டம் நடக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உறைந்து உறைந்து நின்றது. ஒரு நிமிட வீடியோ எக்ஸ்போர்ட் ஆவதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தேன். ஐ7 என்பது இன்டெல் ப்ராசஸரின், அதாவது கம்ப்யூட்டர் மூளையின், ஒரு வகைப் பெயர். அது பொய்யில்லை, ஐ7-2600. அது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை. ராம் 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் மேல் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர். ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டியது. 2010 காலத்துச் சிப் ஒன்றின் பயாஸை (கார்டின் அடையாளத்தைச் சொல்லும் உள் சாஃப்ட்வேர்) மாற்றி எழுதி, 1050 டிஐ என்று நடிக்க வைத்திருந்தார்கள். புதிதாக இருந்தது கேபினட்டும் விளக்கும் மட்டும்தான்.

எனவே 'ஐ7' என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் உள்ள எண்தான் விஷயம். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை: 2600 இரண்டாவது, 4770 நான்காவது, 8500 எட்டாவது. 10500 போல ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், பத்தாவது. ஐ7-870 என்று மூன்றே இலக்கம் இருந்தால் முதல் தலைமுறை, அதாவது 2009. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்போ எந்தத் தலைமுறை வாங்கணும்?

எட்டாவது. அதற்கு மேலே எது கிடைத்தாலும் நல்லது. எட்டில் ஏன் கோடு போடுகிறேன் என்றால் மூன்று காரணங்கள்.

ஒன்று, அதுவரை டெஸ்க்டாப் ஐ5 என்றால் பெரும்பாலும் நான்கு கோர்தான் (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி). ஐ5-8400, 8500-இல் இருந்துதான் டெஸ்க்டாப் ஐ5 ஆறு கோருக்கு மாறியது. ஏழாவது தலைமுறை ஐ5-7500-க்கும் எட்டாவது 8500-க்கும் பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், எக்ஸ்போர்ட் நேரத்தில் அது நன்றாகவே தெரியும். ஐ7-8700 என்றால் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்); விலை அதிகம் கேட்காவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். குறுக்கு வழியில் பழையதில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏற்றலாம்தான், அப்டேட் வரும்போது என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் கேட்பதே இல்லை, எடிட்டிங்குக்கு முக்கியமானது அதுதான். இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே வீடியோவை விரிக்கவும் சுருக்கவும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. குயிக் சிங்க் என்று பெயர். நம் போன்கள் இப்போது எச்இவிசி என்கிற எச்.265 சுருக்கும் முறையில்தான் நிறைய எடுக்கின்றன. அதை இந்தப் பகுதி நேரடியாக விரிக்கத் தொடங்கியது ஆறாம் தலைமுறையில்; 10-பிட் எச்இவிசி (நிறத்துக்கு அதிகப் படிகள் கொண்டது) ஏழாம் தலைமுறையில். என் ஐ7-2600-க்கு இதில் எதுவுமே தெரியாது. அதனால் ஒவ்வொரு பிரேமையும் ப்ராசஸர் தன் தலையில் போட்டுக்கொண்டு திணறியது.

எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் (ஐ5-9400எஃப் மாதிரி) அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, எனவே குயிக் சிங்க்கும் கிடையாது. எடிட்டிங்குக்கு 'எஃப்' இல்லாததையே பாருங்கள்.

கல்யாண போட்டோகிராபர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சோனி ஏ7 4, கேனான் ஆர்6 போன்ற கேமராக்களில் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் முறை) 10-பிட் எச்.265 எடுத்தால், எட்டாம் தலைமுறையின் குயிக் சிங்க்கும் அதை விரிக்காது. டெஸ்க்டாப்பில் பதினொன்றாம் தலைமுறையிலிருந்துதான் அது வந்தது. ஒன்று அதற்கு மேல் வாங்குங்கள், இல்லையென்றால் கீழே சொல்லியிருக்கிற ப்ராக்ஸி முறைக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

டவர் வாங்கணுமா, சின்னப் பெட்டி போதுமா?

ஆபீஸ் பெட்டிகள் மூன்று அளவில் வரும். முழு டவர், அதில் பாதியாக, படுக்கவும் வைக்கக்கூடிய எஸ்எஃப்எஃப், அப்புறம் ஒரு தடித்த புத்தகம் அளவுக்கே உள்ள மைக்ரோ, டைனி வகை. மைக்ரோ பார்க்க அழகாக இருக்கும், கிராபிக்ஸ் கார்டுக்கு வழியே இல்லை. உள்ளே இருப்பதும் பெரும்பாலும் 8500டி மாதிரி 'டி' போட்ட, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்த ப்ராசஸர்.

எஸ்எஃப்எஃப் பரவாயில்லை. ஆனால் அதற்குள் குட்டை கார்டு, அதாவது லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். சாதாரண அளவுக் கார்டைவிட அது கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல். இடம் இருக்கிறது என்றால் டவரே வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி விஷயத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தப் பிராண்டட் பெட்டிகளில் பல 200 முதல் 260 வாட் எஸ்எம்பிஎஸ்-உடன்தான் வரும். அதன் வடிவமும் வயர் முனையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. "பெரிய எஸ்எம்பிஎஸ் மாத்திக்கலாம்" என்று கடையில் சொல்வது அசெம்பிள்ட் சிஸ்டத்துக்குப் பொருந்தும், ஆப்டிபிளெக்ஸுக்கு அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. ஆகவே தனி பவர் வயர் கேட்காத கார்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டுமா?

வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுப் போடுவது, பெயர் போடுவது, இவ்வளவுதான் என்றால் முதல் ஆறு மாதம் வேண்டாம். மிச்சப் பணத்தை ராமிலும் எஸ்எஸ்டியிலும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு) போடுங்கள்.

டாவின்சி ரிசால்வில் கலர் கரெக்‌ஷன் செய்ய ஆசை என்றால் வேண்டும். அந்த சாஃப்ட்வேர் ஏறக்குறைய எல்லா வேலையையும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் கட்டும். 4 ஜிபி மெமரியாவது இருக்கட்டும். 2 ஜிபி கார்டில் 4கே டைம்லைன் போட்டால் மெமரி நிரம்பிவிட்டது என்று பாதியில் நின்றுவிடும். ஆபீஸ் பெட்டிக்கு ஏற்றவை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650. இரண்டும் பொதுவாக 75 வாட்டுக்குள் அடங்கும், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் சில மாடல்களுக்கு ஆறு முனை வயர் வேண்டும், பார்த்து எடுங்கள். ஆர்எக்ஸ் 580 மலிவாக வருகிறதே என்பார்கள். அது 185 வாட் குடிக்கும். தவிர, கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டாகவும் இருக்கலாம்.

கார்டு போட்ட பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பல ஆபீஸ் பெட்டிகள் தனிக் கார்டைக் கண்டதும் உள்ளமைந்த கிராபிக்ஸை அணைத்துவிடும், அதோடு குயிக் சிங்க்கும் போய்விடும். கம்ப்யூட்டரின் பயாஸுக்குள் (ஆன் செய்யும்போது திறக்கக்கூடிய செட்டிங் பக்கம்) போய் மல்டி டிஸ்பிளே என்பதை இயக்கினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

ராம் எவ்வளவு?

16 ஜிபி. இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. ஒரே குச்சி என்றால் ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவே ஒற்றைப் பாதைதான் திறக்கும். இரண்டு போட்டால் இரட்டைப் பாதை. உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பி இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதுவும் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. எட்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4 வகை ராம். வீட்டில் கிடக்கிற பழைய டிடிஆர்3 குச்சி பொருந்தாது, அழுத்திப் பார்க்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் போதுமா, எஸ்எஸ்டி வேண்டுமா?

இரண்டும் வேண்டும். விண்டோஸுக்கும் அப்போது கையில் இருக்கும் வேலைக்கும் 500 ஜிபி எஸ்எஸ்டி. முடித்த வேலைகளைப் போட்டு வைக்க 2 டிபி ஹார்ட் டிஸ்க். ஐபோனின் கணக்குப்படியே, 4கே 30 பிரேம் எச்இவிசி ஒரு நிமிடத்துக்கு 170 எம்பி, பழைய எச்.264 என்றால் 350 எம்பி. ஒரு கல்யாணத்தில் இரண்டு மணி நேரம் எடுத்தால் 20 முதல் 40 ஜிபி. அதுவும் ஒரு கேமராவுக்கு.

எஸ்எஸ்டியை மட்டும் புதிதாக வாங்குங்கள். எவ்வளவு எழுதித் தேய்ந்தது என்று தெரியாத பழைய எஸ்எஸ்டியில் யாருடைய கல்யாணத்தையும் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. சிஸ்டத்தோடு வருகிற பழைய ஹார்ட் டிஸ்க்கை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளிலும் (டிஸ்க்கில் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்களின் எண்ணிக்கை) 'ரா வேல்யூஸ்' என்ற பத்தி பூச்சியமாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரியும். ஆபீஸ் மெஷின் என்றால் வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஓடியிருக்கும். 40,000 என்று காட்டினால் அது ஆபீஸில் இருந்தது அல்ல, ஏதோ சிசிடிவி பெட்டியில் கண் மூடாமல் உழைத்தது.

உயரத்தில் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகும் என்று ஊட்டியில் ஒருவர் கேட்டார். டிஸ்க்கின் தலை காற்று மெத்தையில் மிதப்பது உண்மை, காற்று மெலிந்தால் சிக்கல் என்பதும் உண்மை. ஆனால் வழக்கமான டிஸ்க்குகளுக்குச் சொல்லப்படும் எல்லை சுமார் 3,000 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தான். தொட்டபெட்டா உச்சியில் கடை போட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஜியான் (இன்டெல்லின் சர்வர் ரக) ப்ராசஸர் போட்ட பெரிய வொர்க்ஸ்டேஷன் மலிவாக வருகிறதே?

எச்பி இசட்440, டெல் ப்ரிசிஷன் டி5810 மாதிரி. கட்டுமானம் யானை மாதிரி, எஸ்எம்பிஎஸ்ஸும் பெரியது. ஆனால் அந்த ஜியான் இ5-களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, குயிக் சிங்க் இல்லை, கரண்ட் பில் அதிகம். நல்ல கார்டு ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு மட்டும்.

ஏஎம்டி? மேக் மினி?

ரைசன் 5 2600-உம் அதற்குப் பிந்தியவையும் நன்றாகவே இருக்கும். 2600-க்குக் கட்டாயம் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ரைசன் 5 5600ஜி-க்கு வேண்டாம்.

மேக் மினியில் 2020-இல் வந்த எம்1 போன் வீடியோவுக்கு அருமை, சத்தமே இல்லாமல் ஓடும். ஆனால் ராமும் எஸ்எஸ்டியும் உள்ளேயே ஒட்டப்பட்டவை. 8 ஜிபி, 256 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை அதேதான். பணம் இருந்தால் 16 ஜிபி பார்த்து வாங்குங்கள்.

கடையில் போய் என்னென்ன பார்க்கணும்?

முதலில், கையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். அதில் உங்கள் போனிலோ கேமராவிலோ நீங்களே எடுத்த மூன்று நிமிட வீடியோ, நீங்கள் எப்போதும் எடுக்கிற அதே செட்டிங்கில். கூடவே ஷாட்கட் அல்லது கேடென்லைவ் (இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர்கள்), ஜிபியு-இசட், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எல்லாவற்றையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது சிஸ்டத்தை இப்படித்தான் வாங்கினேன். கடைக்காரர் காட்டுகிற டெமோ வீடியோ எந்தச் சிஸ்டத்திலும் ஓடும். நம் வீடியோ ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

போனதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ப்ராசஸரின் முழுப் பெயரைப் படியுங்கள். மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும். கார்டு இருந்தால் ஜிபியு-இசட். பிறகு உங்கள் வீடியோவை டைம்லைனில் போட்டு, இரண்டு இடத்தில் வெட்டி, நடுவே ஒரு டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருவது) வைத்து, 1080பி-யில் எக்ஸ்போர்ட் கொடுங்கள். அது ஓடும்போது சும்மா நிற்காதீர்கள். காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஃபேன் சீராக இரைந்தால் சரி. கரகரவென்று விட்டு விட்டுச் சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. எக்ஸ்போர்ட் ஓடி ஐந்து நிமிடம் கழித்துத் திடீரென்று வேகம் குறைந்தால் ப்ராசஸர் மேல் உள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம் என்று அர்த்தம். அது சின்னச் செலவுதான், விலை குறைத்துக் கேட்கலாம்.

அப்புறம் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருக்கக் கூடாது. பின்பக்கத் தகட்டில் துரு இருந்தால் மெஷின் ஈரத்தில் கிடந்திருக்கிறது. எல்லா யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவைப் போட்டுப் பாருங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போங்கள்: பாஸ்வேர்டு கேட்டால், அதைக் கடைக்காரர் எடுத்துத் தரும்வரை பணம் தராதீர்கள். நேரம் 2018 என்று காட்டினால் உள்ளே உள்ள காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருக்கிறது. அதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பில் கேளுங்கள், வாரண்டி எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன வாரண்டி, மலையேறும் வழியிலுள்ள பர்லியார் செக்போஸ்ட் தாண்டாது.

மானிட்டர்?

22 அல்லது 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் பேனல். ஆபீஸிலிருந்து வருகிற மானிட்டர்கள் பல டிஎன் பேனல். நேராகப் பார்த்தால் ஒரு நிறம், கொஞ்சம் எழுந்து நின்று பார்த்தால் வேறு நிறம். அப்படிப்பட்ட ஒன்றில்தான் ஒரு பண்டிகை வீடியோவை எடிட் செய்தேன். வெள்ளை உடை எனக்குச் சரியாகத் தெரிந்தது, கொடுத்த வீட்டில் டிவியில் போட்டால் அத்தனை பேரும் நீலம் போட்டுத் துவைத்த மாதிரி. கடையில் சோதிக்க வழி சுலபம்: ஒரு முகத்தின் படத்தைத் திறந்து வைத்துவிட்டு மேலே, கீழே, பக்கத்தில் நகர்ந்து பாருங்கள்.

எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

புதிதாகத் தொடங்குபவருக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் முழுக்க இலவசம், சிஸ்டத்தை ரொம்பக் கஷ்டப்படுத்தாது. கலரில் இறங்க வேண்டும் என்றால் டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பிலேயே 4கே யுஎச்டி வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். அதில் இல்லாததில் முக்கியமானது படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி. விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போடுகிறேன் என்பவர்கள் கேடென்லைவ் பக்கம் வாருங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது, அதாவது உங்கள் போன் வீடியோவை.

கடையில் 'எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தரோம் சார்' என்று பூட்டு உடைத்த பதிப்புகளை ஏற்றித் தருவார்கள். வாங்கி வந்ததும் முதல் வேலையாக விண்டோஸைச் சுத்தமாகத் திரும்பப் போடுங்கள். பிராண்டட் பெட்டி என்றால் பெரும்பாலும் லைசென்ஸ் மதர்போர்டோடேயே இருக்கும், அதே பதிப்பைப் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக வாங்கியும் 4கே சிக்கிச் சிக்கி ஓடுகிறது. என்ன செய்ய?

ப்ராக்ஸி. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் ஒன்றை சாஃப்ட்வேரே செய்துகொள்ளும். நீங்கள் எடிட் செய்வது அந்த நகலில், எக்ஸ்போர்ட் ஆகும்போது அசல் வந்து உட்காரும். மேலே சொன்ன மூன்றிலும் இந்த வசதி உண்டு. ராத்திரி ப்ராக்ஸி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சிஸ்டத்தை விற்று வேறு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு புகாரும் வரும்: 'பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம்'. அது சிஸ்டத்தின் குற்றமில்லை. போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

மூடுபனி ஷாட்டில் வானம் கோடு கோடாக வருகிறது. கார்டு மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. இது நம் ஊருக்கே உரிய வியாதி. மூடுபனி என்பது வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே மெதுவாக மாறும் நிறம். 8-பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அந்த மெல்லிய மாற்றத்துக்குப் படி போதாமல் பட்டை பட்டையாகத் தெரியும். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் இன்னும் மோசம். எடுக்கும்போதே 10-பிட்டில் எடுக்க முடிந்தால் எடுங்கள். இல்லையென்றால் எடிட்டில் மிக லேசாகப் புள்ளி இரைச்சல் சேருங்கள், பட்டைகள் கரைந்துவிடும்.

தேயிலைத் தோட்டம் இதற்கு நேர் எதிர். காற்றடித்தால் ஆயிரம் இலையும் ஆயிரம் திசையில் ஆடும், சுருக்கும் சாஃப்ட்வேருக்கு எதையும் விட்டுவிட முடியாது. யூடியூப் 1080பி-க்குப் பரிந்துரைப்பது நொடிக்கு 8 மெகாபிட். தோட்டம் வரும் வீடியோவுக்கு நான் 15 வைக்கிறேன். கடைக்குக் கொண்டுபோகிற பென் டிரைவிலும் ஒரு தேயிலைத் தோட்ட ஷாட் இருக்கட்டும். அதைவிடக் கடுமையான பரீட்சையை நான் கண்டதில்லை.

மழை, ஈரம், கரண்ட் கட். இங்கே கம்ப்யூட்டர் தாங்குமா?

குளிர் நமக்கு நல்லதே செய்கிறது. கோவையில் மே மாதம் ரெண்டர் போட்டால் கதறும் அதே பெட்டி இங்கே அமைதியாக இருக்கும். ஈரம்தான் எதிரி. ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்த பிறகு, ஒரு காலையில் என் ஆப்டிபிளெக்ஸ் உயிர் பெறவில்லை. பவர் பட்டன் ஆரஞ்சாகவும் வெள்ளையாகவும் மாறி மாறிச் சிமிட்டியது. போர்டு போச்சு என்றே நினைத்தேன். ராமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறப் பல் வரிசை மேல் மங்கலாக ஒரு படலம். பையனின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மாட்டினேன், வந்துவிட்டது. மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும். தரையில் வைக்காதீர்கள், வெளிச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

மெமரி கார்டு, பென் டிரைவ் எல்லாம் ஒரு தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்திருக்கிறேன். டப்பாவின் மேல் 'இந்து' என்று இருக்கும். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் பிலிம் வந்த டப்பா, மாமா கொடுத்தது. ஆலை இப்போது இல்லை, டப்பாவின் மூடி இன்னும் இறுக்கமாக இருக்கிறது.

யுபிஎஸ் கட்டாயம். சாதாரண 600 விஏ போதும். சேவ் செய்து அணைக்க நேரம் கொடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், நெட் வயரையும் சேர்த்து. குளிருக்கு ஹீட்டர் போடுபவர்கள் அதை கம்ப்யூட்டர் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டக் கூடாது. ஹீட்டர் மட்டுமே 1,500, 2,000 வாட் இழுக்கும்.

கோவையில் வாங்கினால் மலைக்கு எப்படிக் கொண்டுவருவது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸின் மேல்தட்டில் பெட்டியை நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் ஆடும். கடையிலேயே கார்டைக் கழற்றித் தனியாக பபிள் ஷீட்டில் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை மதர்போர்டு கீழே வரும்படி படுக்க வையுங்கள், அப்போது ப்ராசஸர் மேல் உள்ள கூலரின் எடை நேராக இறங்கும். ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொள்ளலாம். மானிட்டர் வண்டியில் வருவதானால் திரை முன்சீட்டின் முதுகைப் பார்த்திருக்கட்டும், நடுவில் ஒரு கம்பளி.

ராத்திரி ஜீப்பிலேயே விட்டுவிட்டு, காலையில் அடுப்பெரிகிற சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த தகட்டில் வியர்த்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

போட்டதும் எனக்கு ஒரு போன் வரும்: "அண்ணா, ஏமாந்துட்டேன், படமே வரல." பத்தில் எட்டு பேர் கார்டைத் திரும்ப மாட்டிவிட்டு, மானிட்டர் கேபிளைப் பழையபடி மதர்போர்டுத் துளையில் செருகியிருப்பார்கள். அதை உருவி, கீழே இருக்கிற கார்டின் துளையில் மாட்டுங்கள். படம் வரும்.